ஓட்டுநரின் வலது காலும் ஒரு பழுப்புக் கறையும்

பேத்தாலஜியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி. உங்கள் சொந்தக்காரர்கள் யாரும் உங்களை டாக்டர் என்று நம்பப் போவதில்லை. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர், "எதுல டாக்டரு?" என்று கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ ரத்தம் எடுக்குதவங்களா?" என்பார். இல்லை ஐயா, உடம்பிலிருந்து ஒரு துளி சதையை எடுத்து, அதை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வோம் என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் இலை போட்டுவிடுவார்கள். நான் ஓய்வு பெறும்வரை என் நாத்தனார் என்னை லேப் டெக்னீஷியன் என்றுதான் பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் திருத்துவதை நானும் விட்டுவிட்டேன்.

உங்கள் துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, தோல் திசு ஆய்வைப் பற்றிப் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள் என்றார். உங்கள் புத்தகங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். அதுவும் போதாமல் நீங்கள் ஸ்லைடைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுகிறீர்கள். உடனே இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள், ஒருவர் கும்பிடுகிறார், ஒருவர் குட்மார்னிங் என்கிறார். இத்தனை நிபுணர்களுக்கு நடுவே நான் எதற்கு? ஆனாலும், ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடும்போது அந்தக் குழுவில் ஒருவரும் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மனசுக்குள் என்ன நடக்கும் என்பதைப் பற்றி வேண்டுமானால் நான் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது இது. அப்போது திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் இருந்தேன். எங்கள் சர்ஜன் என் வயதுக்காரர்தான், இரண்டு வயது மூப்பு இருக்கும். கடை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். எதையும் கணக்காக, வேகமாகச் செய்பவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை டாக்டரம்மா என்பார், அதில் கொஞ்சம் கேலி இருக்கும். ஒருநாள் மத்தியானம் சட்டைப் பையில் ஒரு ஸ்லைடைப் போட்டுக்கொண்டு அவரே லேப்புக்கு வந்துவிட்டார். சர்ஜன் தானாக லேப்புக்கு வருகிறார் என்றால் உஷாராகிவிடுங்கள். நலம் விசாரிக்க எவரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

"டாக்டரம்மா, ஒரே ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலைல தியேட்டர்ல முதல் கேஸ்."

"என்ன கேஸு அண்ணாச்சி?"

"மினி பஸ் டிரைவரு ஒருத்தரு. வலது பாதத்துல கேன்சரு. வெளிய ஒரு லேப்ல ரிப்போர்ட் குடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ எடுத்திர வேண்டியதான். நீங்க பாத்துட்டு ஆமான்னு சொன்னா போதும்."

"பாக்கச் சொல்லுதியளா, ஆமான்னு சொல்லச் சொல்லுதியளா?"

"ரெண்டும் ஒண்ணுதான?" என்று சிரித்தார்.

வெளியே எடுத்த பயாப்ஸியை நம் லேப்பிலும் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் கையையோ காலையோ எடுக்க வேண்டும் என்று எங்கள் மருத்துவமனையில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல வழக்கம். ஆனால் எல்லா நல்ல வழக்கங்களையும் போல அதுவும் நாளாக ஆக ஒரு சடங்காகிவிட்டது. தட்டில் இருக்கும் திருநீற்றை எடுத்துப் பூசுவதைப் போல நாங்களும் ஸ்லைடை ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த டிரைவரின் பெயர் சுடலைமுத்து. அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர்களைச் சுற்றிவரும் மினி பஸ்ஸை ஓட்டுபவர். அந்தப் பக்கத்து டிரைவர்கள் பலரும் வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார்கள். பெடல் காலில் பேசினால்தான் அவர்களுக்குத் திருப்தி. இவர் காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பு, குத்தகைக்கு எடுத்திருந்த வாழைத்தோட்டத்திலும் அதே வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சுவார். பல வருடங்களுக்கு முன்பு ஏதோ குத்தியதாம். அந்த இடத்தில் ஒரு மரு கிளம்பி, எதற்கும் அடங்காமல் பரவி, பாதத்தின் மேல்புறம் முழுக்கக் காலிஃபிளவர் மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டுச் சாமான் பெயர் இல்லாமல் நம் துறையில் ஒரு நோயைச் சொல்ல முடியாது என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். மேல்தோல் விரல் விரலாகக் கீழே இறங்கியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் யாரும் புற்றுநோய் என்பார்கள். வெளி லேப்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விளிம்பில் இருந்த செல்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவை ரொம்ப மரியாதையான செல்களாக இருந்தன. வரிசை தப்பவில்லை, ஒன்றையொன்று முட்டித் தள்ளவில்லை. அத்துமீறி அடுத்த வீட்டுக்குள் நுழைகிறவன் இவ்வளவு ஒழுங்காகத் தலைவாரிக்கொண்டு வருவானா என்று ஒரு சந்தேகம். பக்கத்திலேயே கொஞ்சம் சீழும் இருந்தது.

தோலுக்கு அடியில் ஏதாவது ஒன்று நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தால், மேல்தோல் புற்றுநோய் மாதிரியே வேஷம் கட்டும். நீங்களும் படித்திருப்பீர்கள், பரீட்சையில் எழுதியும் இருப்பீர்கள். பரீட்சையில் எழுதுவதற்கும், சர்ஜன் தோளுக்குப் பின்னால் நின்று வாட்சைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. இது வேஷம் என்றால் உறுத்துவது எது? அது ஸ்லைடில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அழுக்குதான். இண்டு இடுக்கெல்லாம் பழுப்புப் பழுப்பாகக் கறை.

இந்தக் கறையைப் பற்றி ஒரு வார்த்தை. சதைத் துண்டு அழுகாமல் இருக்க ஃபார்மலினில் போடுகிறோம் அல்லவா, அந்த ஃபார்மலின் பழசாகிவிட்டால் ரத்தத்தோடு சேர்ந்து பழுப்பு நிறப் பொடியாகத் திசுவில் படியும். நம்மூர் லேப்களில் அந்த ஜாடியைக் கழுவி ஊற்றிப் புதிதாக நிரப்புவது பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப் போல அபூர்வமான காரியம். குறையக் குறையத் தண்ணீர் ஊற்றி மோராகப் பெருக்கிக்கொள்வார்கள். அதனால் பழுப்பைக் கண்டால் அதைத் தாண்டிப் பார்க்க எங்கள் கண்கள் பழகிவிட்டிருந்தன. எங்களிடம் படிக்க வந்தவர்களுக்கும் அதையே பழக்கினோம். "அது அழுக்கு, அதை விடு, செல்லைப் பார்." இந்த வாக்கியத்தை என் வாயால் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

"அண்ணாச்சி, என்னால கையெழுத்துப் போட முடியாது" என்றேன்.

"ஏன், பேனா இல்லையா?" என்று தன் பேனாவை எடுத்து நீட்டினார்.

"மேலாப்புல கிள்ளி எடுத்திருக்காங்க. இதை வச்சு ஒரு காலை எடுக்கச் சொல்ல மாட்டேன். இன்னும் ஆழமா, வேற வேற இடத்துல இருந்து துண்டு எடுத்துக் குடுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "டாக்டரம்மா, அந்த மனுசன் இப்பந்தான் மனசைத் தேத்திக்கிட்டு சம்மதிச்சிருக்கான். மயக்க டாக்டரும் பாத்தாச்சு. இப்பப் போயி இன்னொருக்கா கிள்ளணும்னு சொன்னா என்னைய என்ன நினைப்பான்? நாளத் தள்ளுனா தொடைக்கு ஏறிரும். அப்புறம் யாரு பதில் சொல்லுதது?"

கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் நான் பேனாவை வாங்கவில்லை. அவர் அடுத்த நாள் ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு, ஆழமான துண்டுகளை எடுக்க ஏற்பாடு செய்தார். இதை நன்றாகக் கவனியுங்கள். சர்ஜன்களைக் கேலி செய்வது நம் பரம்பரை வழக்கம், நானும் செய்வேன், நீங்களும் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வெளி ரிப்போர்ட் கையில் இருக்க, அதை வைத்தே அவர் வெட்டியிருக்கலாம். கேட்பதற்கு ஆளில்லை. கோபத்தோடுதான் என்றாலும் அவர் காத்திருந்தார்.

துண்டுகள் எடுக்கும் அன்று நானே தியேட்டர் வாசலுக்குப் போய் நின்றேன். பெரிய தீர்க்கதரிசனம் எல்லாம் இல்லை, எரிச்சல்தான். முந்தின ஸ்லைடின் அழுக்கு அவ்வளவு வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தது. புது ஃபார்மலினை என் கண் முன்னால் கலக்க வைத்து, புது பாட்டில்களைக் கழுவ வைத்து, என் கண் முன்னால் ஊற்ற வைத்தேன். நர்ஸுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த அம்மாவுக்கு இன்றைக்கு வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் ஸ்லைடு தயாராகும் முன்பே சுடலைமுத்து லேப்புக்கு வந்துவிட்டார். நோயாளிகள் லேப்புக்கு வருவதே இல்லை. அவர்களுடைய துண்டுதான் வரும். அதனால் நமக்குச் சௌகரியமாகத் துண்டிடம் மட்டும் பேசிப் பழகிவிடுகிறோம். கட்டுப் போட்ட காலைத் தாங்கித் தாங்கி ஒரு ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் அவர் மனைவி. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியைத் தேடினேன். லேப்பில் முதுகு இல்லாத ஸ்டூல்தான் இருந்தது.

"என் ஆபரேசனை நிப்பாட்டுன டாக்டரு நீங்கதானா?" என்றார்.

"நான்தான். உக்காருங்க."

"உக்காரத்துக்கு வரல. ஒரு கையெழுத்துக்கு எத்தன நாளும்மா? எங்கூட வண்டி ஓட்டுன ஒரு அண்ணாச்சி வாயில புண்ணு வந்து, இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போயி, போய்ச் சேந்துட்டாரு. நானும் அப்பிடிப் போவணுமா? எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு. காலு போனாப் போவட்டும். நான் இருக்கணும்."

அவர் மனைவி பைய முன்னால் வந்தார். "அவரு சொல்லுதாருன்னு வெட்டிராதீங்கம்மா. காலு இல்லாம வண்டி எப்பிடி ஓட்டுவாரு? வண்டி ஓட்டாம ஒரு நாளு அவரால வீட்டுல இருக்க முடியாது. எங்களையும் இருக்க விட மாட்டாரு."

"நீ சும்மா இரு. பொட்டிக்கடை வச்சுக்கிடுதேன்." என் பக்கம் திரும்பினார். "கேன்சரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியலைய்யா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியலைன்னா தெரிஞ்சவங்க யாரையாவது கூப்பிடுங்க."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நிற்கும் இடத்திலேயே கூனிக் குறுகிப் போனேன். தெரியவில்லை என்று சொல்வது நேர்மை, அடக்கம் என்று உங்களுக்கு நீதி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சொல்லிப் பாருங்கள். பணமும் பயமுமாகத் தூரத்தில் இருந்து வந்திருக்கும் ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். அப்போது அது அடக்கமாகத் தெரியாது, கையாலாகாத்தனமாகத்தான் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் நம்மைக் கெட்டிக்காரராகக் காட்டும் எந்தப் பதிலும் அவருக்கு உதவாது.

அவர்கள் போன பிறகு அந்த ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பயந்தேன். கையெழுத்துப் போடுவது மட்டும்தான் முடிவு என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். போடாமல் இருப்பதும் முடிவுதான். இது புற்றுநோயாகவே இருந்துவிட்டால், நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்த ஆளின் தொடைக்கு ஏறிக்கொண்டிருக்கும். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள், நான் பார்த்தே இராத பிள்ளைகள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோவிலில் பாதிரி ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. ஆண்டவரே, அது பொய்யாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எது பொய்யாக இருக்க வேண்டும், நோயா, என் சந்தேகமா என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

சர்ஜன் தினமும் போன் செய்தார். "என்ன டாக்டரம்மா, வெந்துருச்சா?" என்பார். "இன்னும் விசில் வரல அண்ணாச்சி" என்பேன். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

ஸ்லைடுகள் வந்தன. மறுபடியும் அதே விரல் விரலான மேல்தோல். அதற்கு அடியில் இப்போது ஆழம் நன்றாகத் தெரிந்தது. சீழ்க்கட்டிகள், அவற்றைச் சுற்றிப் பெரிய பெரிய செல்கள். நடுவில் பழுப்புக் கறை. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் பழைய ஜாடியிலேயே போட்டுவிட்டார்களே என்று டெக்னீஷியனைத் திட்ட எழுந்துவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. ஃபார்மலினைக் கலக்கியபோதும் ஊற்றியபோதும் பக்கத்தில் நின்றது நான்தான். பாட்டிலில் அழுக்கு வர வழியே இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பழுப்புக் கறையை மரியாதையோடு பார்த்தேன். ஃபார்மலின் அழுக்கு பொடிப்பொடியாக, உருவம் இல்லாமல், திசுவின் மேல் தூவியது போலக் கிடக்கும். இவை அப்படி இல்லை. வட்டமாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தடித்த சுவர் இருந்தது. சிலவற்றில் நடுவே குறுக்குச் சுவர், பன் ரொட்டியைக் கத்தியால் நறுக்கினாற்போல. அந்தப் பெரிய செல்களின் வயிற்றுக்குள்ளேயே அவை உட்கார்ந்திருந்தன. செப்புக் காசு மாதிரி இருக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்களே, அந்தப் பூஞ்சை. மண்ணிலும் அழுகிய கட்டையிலும் முள்ளிலும் இருப்பது, வெறுங்காலில் குத்திய வழியாக உள்ளே போய்ப் பல வருடம் நிதானமாகக் குடியிருப்பது. மேல்தோலை அவ்வளவு காலமும் உறுத்தி வேஷம் கட்ட வைத்தது இதுதான்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை. வெளி லேப்பிலிருந்து வந்த பழைய ஸ்லைடை எடுத்து, மேல் கண்ணாடியைக் கழற்றி, ஃபார்மலின் அழுக்கைக் கரைக்கும் பிக்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைக்கச் சொன்னேன். சாயமேற்றி மறுபடி பார்த்தால், அந்தக் கறை அத்தனையும் போய்விட்டது. சீழுக்கு நடுவே நாலைந்து பழுப்பு வட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. ஆக, முதல் நாளிலிருந்தே அவை அங்கேதான் இருந்திருக்கின்றன. வெளி லேப்காரர் பார்த்தார், நான் பார்த்தேன், நான் காட்டியதால் என் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் இருந்த சக டாக்டரும் பார்த்தார். எங்கள் எல்லாருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டு அழுக்கு எங்களுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

சர்ஜனைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார். நான் காட்டிய இடத்தில் பார்த்துவிட்டு நிமிராமலே கேட்டார்.

"சரி, பூஞ்சைதான். நாள்பட்ட பூஞ்சையிலயே கேன்சரும் வருமே. ரெண்டும் சேந்து இருந்தா?"

அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும் என்றாலும், அந்தக் கேள்விக்காக ரொம்பவே பிடித்தது. உங்கள் கண்டுபிடிப்பைக் கண்டு கைதட்டுகிற ஆளைவிட அடுத்த கேள்வி கேட்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

"நீங்க குடுத்த துண்டு அம்புட்டையும் மிச்சம் வைக்காம சீவிப் பாத்துட்டேன். எதுலயும் கேன்சர் இல்ல."

"காலுல இல்லன்னு எழுதித் தருவியளா?"

"அது எப்பிடி? குடுத்த துண்டுல இல்லன்னு எழுதித் தாரேன். காலை எடுக்கத்துக்கு ஒரு காரணமும் நான் பாக்கலைன்னும் எழுதித் தாரேன். மருந்து குடுத்துக் குறையாம எங்கனயாவது தடிச்சுதுன்னா, அந்த இடத்துல இருந்து திரும்ப எடுத்து அனுப்புங்க."

மறுபடி ஒருமுறை குனிந்து ஸ்லைடைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். இந்த முறை நான் வாங்கிக்கொண்டேன். எழுந்து போகும்போது, "ஒரு மனுசனுக்காகத் தியேட்டரை அம்போன்னு நிக்க வச்ச ஆளு உங்க ஒருத்தரத்தான் பாத்திருக்கேன்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு அதுதான். தோல் பிரிவில் புண்ணைச் சுரண்டிப் பார்த்ததிலும், கிருமி வளர்த்துப் பார்த்ததிலும் அதே பூஞ்சைதான் வந்தது.

சுடலைமுத்துவிடம் சொல்வதற்கு நானும் வார்டுக்குப் போனேன். தெரிந்தவர்களைக் கூப்பிடச் சொன்னாரே, அதற்காகவாவது போக வேண்டாமா?

"பூஞ்சையா?" என்றார். "ஊறுகாயில பூக்குமே, அதா?"

"அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். மாத்திரை சாப்பிடணும், மாசக்கணக்குல. ஒரு வருசம் தாண்டியும் போவும். இடையில நிறுத்தப்படாது. காலை எடுக்க வேண்டாம்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. திருதிருவென்று விழித்தார். "பொட்டிக்கடைக்கு இடம்லாம் பாத்துட்டேனே" என்றார். "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. அட்வான்ஸ் குடுக்கத்தான் பாக்கி." சொல்லிக்கொண்டே குனிந்தார். கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இல்லை என்று ஏற்கெனவே மனதுக்குள் எழுதிக் கொடுத்துவிட்ட காலல்லவா அது. அவர் மனைவி, "அழாதிய, எல்லாரும் பாக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதார். நான் லேப்புக்குத் திரும்பி வந்து, கை கழுவுகிற தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்டால், இன்னொரு மாதிரி நடந்திருக்கலாமே என்ற பயம்தான். அந்தப் பாட்டிலை அன்றைக்கு நான் கழுவச் சொல்லாமல் இருந்திருந்தால்? எனக்கு அன்றைக்கு நல்ல மனநிலை இருந்திருந்தால்?

ஆகவே பிள்ளைகளே, ஃபார்மலினை மாற்றுங்கள். தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நிஜமாகவே மாற்றுங்கள். அதோடு, "அதை விடு" என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், சொன்னது நானாகவே இருந்தாலும், எதை விடுகிறோம் என்று ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு விடுங்கள். தத்துவம் வேண்டுமென்றால் அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

அவர் சிகிச்சையும் ஒன்றும் நேர்கோட்டில் போகவில்லை. கொஞ்சம் குறைந்ததும் மாத்திரையை நிறுத்தினார், மறுபடி தடித்தது, சர்ஜனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், மறுபடி ஆரம்பித்தார். தடித்த இடத்தில் இருந்து எடுத்த துண்டும் என்னிடம் வந்தது. பூஞ்சைதான், வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு எனக்குத் துண்டு வரவில்லை. நம் தொழிலில் துண்டு வராமல் இருப்பதுதான் நல்ல செய்தி. அதை யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்து பக்கத்து ஊரில் இருக்கும் என் சிநேகிதியைப் பார்க்க ஒரு மினி பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் என் கண் கீழே போனது. வெறுங்கால். பாதத்தின் மேல்புறம் தோல் வெளுத்து, இழுத்துப் பிடித்த தழும்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தத் தோலின் உள்பக்கம் வரை எனக்குத் தெரியும்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். "ஏயம்மா! தெரியலைன்னு சொன்ன டாக்டரம்மா!" என்று போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இவங்கதான்யா. ஆஸ்பத்திரில என் காலை எடுக்க இருந்தாங்க. இவங்க தெரியலைன்னு சொல்லியே காப்பாத்திப்புட்டாங்க."

அவ்வளவுதான். என் பக்கத்தில் இருந்த ஆச்சி சேலையை ஒதுக்கி முழங்கையை நீட்டினார். "எனக்கு இங்கன ஒரு படை இருக்கு தாயி, என்னன்னு பாரு." பின்னால் இருந்து ஒருவர் கழுத்தைத் திருப்பித் தேமலைக் காட்டினார். நின்றுகொண்டிருந்த ஒருவர் கூட்டத்துக்கு நடுவே ஒற்றைக் காலைத் தூக்கிக் கால் ஆணியைக் காட்டினார். இத்தனை வருட உத்தியோகத்தில் யாரும் என்னை இவ்வளவு டாக்டராக மதித்ததில்லை.

"எனக்கு இப்பிடி நேராப் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றேன். "ஒரு துண்டு வெட்டிக் குடுத்தியன்னா பாத்துச் சொல்லுதேன்."

நீண்டிருந்த கையும் காலும் எல்லாம் சடாரென்று உள்ளே போய்விட்டன. பஸ் முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் சுடலைமுத்துதான். சிரித்துக்கொண்டே கால்வாய்க்கரை வளைவில் வண்டியைத் திருப்பினார். அந்த நேரம் பார்த்து, பின்னால் வாழைத்தார்களைக் கட்டிய ஒரு மொபெட் தோட்டத்துப் பாதையிலிருந்து குறுக்கே வந்துவிட்டது.

"ஏலே, பாத்து வாலே!"

வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. மொபெட்காரர் வாழைத்தாரோடு தள்ளாடி, சமாளித்து, எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போனார். பஸ்ஸில் எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குனிந்து, பிரேக்கை மிதித்து நின்ற அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் ஐந்தும் பெடலை அழுத்திப் பிடித்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அது பைய எழுந்து ஆக்ஸிலரேட்டருக்குப் போயிற்று.